250 போதுமா, 300 வேணுமா? பறவைக்கும் தேருக்கும் ஒரு சின்ன சூம் லென்ஸ்

கேள்வி: என்னிடம் கெனன் 200டி கமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. பண்ணைக் கடலிலும் மண்டைதீவுப் பக்கமும் நிற்கிற பறவைகள், நல்லூர்த் தேர், மகளின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, வருகிற வருடம் அவளின் அரங்கேற்றம், இவ்வளவையும் எடுக்க ஒரு சூம் லென்ஸ் தேவை. மோட்டார் சைக்கிளில் திரிகிறவன். பெரிய பை தூக்க ஏலாது. கடையொன்றில் புதிய 75-300 ஐக் காட்டி, "இதுதான் மலிவு, தூரமும் கூட" என்றார்கள். முன்னால் பூட்டுகிற 2.2 மடங்குக் கண்ணாடி ஒன்றும் இனாமாம். நண்பர் ஒருவர் 18-300 ஒன்றே எல்லாவற்றுக்கும் காணும் என்கிறார். கனடாவில் இருக்கிற மச்சான் ஆடியில் வருகிறார், சொன்னால் வாங்கி வருவார். எதைச் சொல்லலாம் ஐயா?
சுன்னாகம் வாசகர்

பதில்:

மச்சானுக்கு இந்த ஒரு வரியை எழுத்துப் பிசகாமல் அனுப்புங்கள்: கெனன் ஈ.எஃப்-எஸ் 55-250 மி.மீ. எஃப் 4-5.6 ஐ.எஸ். எஸ்.ரி.எம். ஐ.எஸ். என்றால் கைநடுக்கம் தணிக்கிற வசதி, எஸ்.ரி.எம். என்பது போகஸ் மோட்டரின் வகை; எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸுக்குள் வெளிச்சம் கூட வரும். பிசகினால் பெட்டிக்குள் என்ன வரும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அரங்கேற்றத்தை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கு இந்த லென்ஸ் உதவாது. கடையில் காட்டியதும் உதவாது.

கடைக்காரர் சொன்னதில் பொய்யில்லை. 75-300 மலிவுதான், 300 என்பது 250 ஐ விடப் பெரிய எண்ணும்தான். ஆனால் அது 1999 இல், பிலிம் கமராக் காலத்தில் வந்த லென்ஸ். கைநடுக்கம் தணிக்கிற வசதி அதில் இல்லை. உங்கள் கமராவின் சென்சர் முழுச் சட்ட அளவை (பழைய 35 மி.மீ. பிலிம் சட்டத்தின் அளவை) விடச் சிறியது, 300 மி.மீ. லென்ஸை மாட்டினால் முழுச் சட்டக் கமராவில் 480 மி.மீ. காட்டும் பார்வைக் கோணம்தான் கிடைக்கும். கையில் பிடித்து எடுப்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: சட்டர் வேகம் அந்த எண்ணின் தலைகீழுக்குக் குறையக்கூடாது. அதாவது 1/500 நொடிக்குக் கீழே இறங்கினால் படம் அலுங்கும். விடிய ஆறரை மணி வெளிச்சத்தில் 1/500 வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ. வை (சென்சரின் வெளிச்ச உணர்வை) எங்கேயோ ஏற்ற வேண்டிவரும், படம் மணல் தூவின மாதிரி வரும்.

55-250 இல் இருக்கிற நடுக்கந்தணிப்பு மூன்றரைப் படி என்று கெனன் சொல்கிறது. ஒரு படி என்றால் வெளிச்சக் கணக்கில் இரண்டு மடங்கு. விளம்பரக் கணக்கில் அரைப் படியைக் கழித்து மூன்று என்று வையுங்கள். 1/400 தேவைப்பட்ட இடத்தில் 1/50 இலும் அசையாமல் நிற்கிற கொக்கைத் தெளிவாக எடுக்கலாம். இது பறக்கிற கொக்கை நிறுத்தாது. உங்கள் கையின் ஆட்டத்தை மட்டும்தான் அது தணிக்கும், பறவையின் சிறகை அல்ல. பலர் கவனிக்காத இன்னொரு பயனும் உண்டு. சட்டர் பொத்தானை அரைவாசி அழுத்தியதும் கண் வைத்துப் பார்க்கிற துளையில் தெரிகிற காட்சியே அசையாமல் நின்றுவிடும். உங்கள் கமராவில் போகஸ் புள்ளிகள் ஒன்பதுதான், நடுப்புள்ளி ஒன்றுதான் நிமிர்ந்த கோட்டையும் படுத்த கோட்டையும் பிடிக்கிற குறுக்கு வகை. ஆடிக்கொண்டிருக்கிற காட்சியில் அந்த ஒரு புள்ளியை மீன்கொத்தியின் தலையில் வைத்திருப்பது லேசான வேலையில்லை. 75-300 வாங்கியவர்கள் "போகஸ் சரியில்லை" என்று குறைப்படுவதில் பாதி, போகஸின் பிழையல்ல; புள்ளி பறவையை விட்டுப் பின்னாலிருக்கும் கண்டல் பற்றைக்குப் போய்விடுகிறது.

இன்னும் இரண்டு குறைகள். 300 முனையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையில் ஊதா விளிம்பு கட்டும். நம்முடைய பறவைகளில் பாதி வெள்ளை: கொக்கு, நாரை, பூநாரை. இருண்ட சேற்றுக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் அதன் முதுகு ஓரமாக ஊதாக் கோடு ஒன்று ஓடும். அடுத்தது, போகஸ் பண்ணும்போது அந்த லென்ஸின் முன் வாய் சுழலும். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கப் போலரைசர் பூட்டினால் ஒவ்வொரு முறையும் அது இடம் மாறிவிடும். 55-250 எஸ்.ரி.எம். இன் வாய் சுழலாது. அதன் வாய் அளவு 58 மி.மீ. உங்கள் 200டி யோடு வந்தது 2017 இல் வெளியான எஃப் 4-5.6 வகை 18-55 என்றால் அதற்கும் 58 தான்; ஒரே போலரைசரும் ஒரே மூடியும் இரண்டுக்கும் காணும்.

இப்போது பாரம். 200டி பற்றரியோடு 453 கிராம், 55-250 எஸ்.ரி.எம். 375 கிராம், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 830. 75-300 மட்டும் 480 கிராம். கல்யாண வீட்டுக்கு வருகிற படப்பிடிப்பாளர்கள் தூக்குகிற வெள்ளை 70-200 எஃப் 2.8 இன் இரண்டாம் பதிப்பு, லென்ஸ் மட்டும் 1490 கிராம். நீங்கள் கேட்ட பைக்குள் அது அடங்காது.

"ஆனாலும் 300 தானே கூடத் தூரம்?" என்ற கேள்வி உங்களுக்குள் இன்னும் இருக்கும். அதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். உங்கள் சென்சரின் உயரம் 14.9 மி.மீ. 250 மி.மீ. இல், 100 மீற்றர் தள்ளி நிற்கிற இடத்தில் சட்டத்துக்குள் விழுகிற உயரம் ஏறக்குறைய 6 மீற்றர். பெரிய பூநாரை ஒன்று நிமிர்ந்து நின்றால் 1.3 மீற்றர் அளவு வரும். அப்படியென்றால் சட்ட உயரத்தின் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் கூட. படத்தின் உயரம் 4000 புள்ளிகள் (பிக்சல்), பறவைக்குக் கிடைப்பது சுமார் 870. 300 மி.மீ. லென்ஸில் அதே பறவைக்குக் கிடைப்பது சுமார் 1050. வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கு. நூறு மீற்றரில் நிற்கிற ஆள் பதினேழு மீற்றர் முன்னால் நகர்ந்தால் 250 உம் அதே 1050 ஐத் தரும். 50 மீற்றருக்குக் கிட்டப் போனால் அதே பறவை சட்டத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவாக நிறைந்துவிடும். அதற்கு மேல் இந்தச் சின்ன லென்ஸிடம் கேட்பது நியாயமில்லை. 17 சென்ரிமீற்றர் மீன்கொத்திக்குப் பத்து மீற்றருக்குள் போகவேண்டும். அங்கே அது சட்ட உயரத்தின் கால்வாசிக்குச் சற்று மேலே வரும்.

கடல்நீரேரியில் உண்மையான எதிரி மில்லிமீற்றர் இல்லை, காற்று. பரவைக் கடலில் தண்ணீர் ஆழமில்லை, வெளித்துக் கிடக்கிற சேறு கெதியில் சூடாகும். எட்டரை, ஒன்பது மணியானால் நிலத்தை ஒட்டிய சூட்டுக் காற்று எழும்பி நெளியத் தொடங்கும். வெயிலில் காய்கிற தார் றோட்டுக்கு மேலே பார்ப்பீர்களே, அதே நெளிவு. அதற்குள்ளால் 150 மீற்றரில் நிற்கிற பூநாரையை எடுத்தால் கழுத்து கம்பளிக் கயிறு மாதிரி வரும். லட்ச ரூபா லென்ஸிலும் அப்படித்தான் வரும். இதை லென்ஸின் குறை என்று நினைத்து விற்றுவிட்டு இன்னும் நீட்டான ஒன்றை வாங்குகிறவர்கள் உண்டு. நீளம் கூடக் கூட நெளிவும் சேர்ந்து பெருக்கும். சூரியன் கிளம்பி முதல் ஒன்றரை மணித்தியாலம், அல்லது முதல் நாள் மழை பெய்து வானம் மூடிய காலை, இவைதான் நேரம். ஐப்பசியிலிருந்து பங்குனி வரைதான் வலசைப் பறவைகளும் நிறைய நிற்கும், அந்த மாதங்களில் முகில் மூடுகிற நாட்களும் கூட. பண்ணைத் தாம்போதியில் பறவை எந்தப் பக்கம் என்று பார்க்க முன்னம் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கி நடந்தால் கொக்கு எழும்பிவிடும். ஓரமாக நிறுத்தி இருக்கையிலிருந்தபடியே எடுத்தால் பல வேளை அசையாது. கடற்படை முகாம், காவலரண் இருக்கிற திசைக்கு மட்டும் லென்ஸை நீட்டவேண்டாம். நீங்கள் பார்ப்பது மீன்கொத்தியை என்று அங்கே நிற்கிறவருக்குத் தெரியாது.

பறவைக்குக் கமராவை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: சட்டர் முன்னுரிமை, நிற்கிற பறவைக்கு 1/250, பறக்கிறதுக்கு 1/1600. போகஸ் ஏ.ஐ. சேர்வோ (அசைகிறதைத் தொடர்ந்து பிடிக்கிற முறை), நடுப்புள்ளி மட்டும். ஐ.எஸ்.ஓ. தானியங்கி, மேல் எல்லை 6400. வெள்ளைப் பறவை என்றால் வெளிச்சச் சமனை மூன்றில் இரண்டு படி குறையுங்கள், இல்லாவிட்டால் இறகின் மடிப்பெல்லாம் வெறும் வெள்ளையாய்ப் போய்விடும். எஃப் 5.6 இருட்டு லென்ஸ் என்று யாரும் பயமுறுத்தினால் கவலைப்படாதீர்கள். நம்முடைய பின்னேர மூன்று மணி வெயிலுக்கு எஃப் 5.6 இல் ஐ.எஸ்.ஓ. 200 வைத்தாலே 1/1600 வந்துவிடும்.

அந்த வெயில்தான் விளையாட்டுப் போட்டியையும் காப்பாற்றும். நூறு மீற்றர் ஓட்டத்துக்கு முடிவுக் கோட்டின் பக்கவாட்டில் நிற்காமல், இடம் தந்தால் கோட்டைத் தாண்டிப் பத்துப் பதினைந்து மீற்றர் பின்னால், ஓடி வருகிறவர்களை நேரே பார்க்கிறபடி இருந்து எடுங்கள். 1/1000. எஸ்.ரி.எம். மோட்டர் சத்தமில்லாதது, வீடியோவுக்கும் திரையில் பார்த்து எடுப்பதற்கும் அருமையானது, ஆனால் நேரே ஓடி வருகிற ஆளைத் துரத்திப் பிடிப்பதில் கொஞ்சம் மந்தம். நொடிக்கு ஐந்து படம் எடுத்தால் எல்லாம் கூர்மையாய் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மூன்று நன்றாக வந்தால் சரி. றோ கோப்பாக (சுருக்காத பெரிய கோப்பாக) எடுத்தால் ஒரு சில படங்களிலேயே கமரா மூச்சு வாங்கும். ஓட்டத்துக்கு ஜேபெக் போதும். விளையாட்டுத்தான் உங்கள் முதல் தேவை என்றால் ஈ.எஃப் 70-300 ஐ.எஸ். இரண்டு யூ.எஸ்.எம். என்று 2016 இல் வந்த ஒன்று இருக்கிறது. போகஸ் மின்னல் மாதிரி. ஆனால் 710 கிராம், காசும் மிகக் கூட. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் வருடத்தில் ஒரு நாள் விளையாட்டுப் போட்டிக்காக மற்ற நாளெல்லாம் அதைச் சுமக்கத் தேவையில்லை.

நல்லூருக்கு வருவோம். தேர் எடுக்கத்தான் தூர லென்ஸ் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வீதியில் தேருக்குப் பதினைந்து மீற்றர் தள்ளி நின்றால், 55 மி.மீ. இலேயே சட்டத்துக்குள் அடங்குவது ஆறு மீற்றருக்கு நாலு மீற்றர்தான். தேர் அதற்குள் அடங்காது. அந்தச் சனத்துக்குள் பின்னால் நகரவும் முடியாது. 24 ஆம் நாள் தேருக்கு உங்கள் பழைய 18-55 தான் கமராவில் இருக்கவேண்டும். 55-250 இன் வேலை அதற்கு முந்தின நாட்களில்: காவடிக்காரரின் முகம், வடம் பிடிக்கிற கைகள், மஞ்சத்தின் விளக்குகள், கூட்டத்துக்கு மேலால் தெரிகிற சுவாமியின் அலங்காரம். 100 இலிருந்து 150 வரைக்குள் நின்றால் முன்னாலும் பின்னாலும் நிற்கிற சனம் நெருங்கித் தெரியும், திருவிழாவின் நெருக்கம் படத்தில் வரும். இரண்டு லென்ஸையும் கொண்டுபோய் வீதி மணலில் நின்று மாற்றி மாற்றிப் பூட்டாதீர்கள். அத்தனை பேரின் கால் கிளப்புகிற தூசி சென்சரில் போய் ஒட்டினால் வானம் வருகிற படமெல்லாம் கறுப்புப் புள்ளி. மாற்றியே ஆகவேண்டுமென்றால் முதலில் கமராவை நிறுத்துங்கள், வாயைக் கீழ்ப்பக்கம் பார்க்கப் பிடியுங்கள், மற்ற லென்ஸின் பின்மூடியை முன்கூட்டியே தளர்த்தி வையுங்கள். நிறுத்தாமல் கழற்றினால் நடுக்கந்தணிப்புக் கண்ணாடி பூட்டிக்கொள்ளாமல் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். ஒரு சின்ன விஷயம்: வேட்டியும் வெறும் மேலுமாக நிற்கிற இடத்தில் லென்ஸ் மூடிக்குச் சட்டைப்பை இல்லை. இடுப்பில் கட்டுகிற சின்னப் பை ஒன்று வாங்கினால் அந்த மூடி வீட்டுக்குத் திரும்பி வரும். கோயிலுக்குள்ளே கமராவை வெளியில் எடுக்கவேண்டாம்.

இந்த இடத்தில் உங்கள் நண்பரின் 18-300 க்கு நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். லென்ஸ் மாற்றுகிற தொல்லையே இல்லாததால் திருவிழாவுக்கு அது நல்ல லென்ஸ். ஆனால் பறவைக்குச் சுகமில்லை. சிக்மாவின் 18-300 எடை 585 கிராம், நீட்டு முனையில் எஃப் 6.3. அகலத்துக்கும் நீளத்துக்கும் ஒரே குழாயில் கண்ணாடி அடுக்கினதால் 300 முனையில் கூர்மை சாயும். கிட்ட நிற்கிற பொருளுக்குப் போகஸ் பண்ணும்போது இந்த வகை லென்ஸ்களின் உண்மையான குவியத்தூரம் குறைந்தும் போகும். மூன்று மீற்றரில் இருக்கிற குருவிக்கு "300" என்று எழுதியிருப்பது 300 ஆக நடக்காது. உங்களிடம் 18-55 ஏற்கெனவே இருக்கிறது. அதே வீச்சுக்கு இன்னொரு முறை காசு கொடுப்பானேன்?

குருவி என்றதும் ஞாபகம் வருகிறது: 55-250 எஸ்.ரி.எம். 85 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகும். அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 77 மி.மீ. அகலமான பொருள் சட்டத்தை நிரப்பிவிடும். வளவுக்குள் செவ்வரத்தைப் பூ, தும்பி, வண்ணத்துப்பூச்சி எடுப்பதற்குத் தனி லென்ஸ் தேவைப்படாது. 75-300 க்கு ஒன்றரை மீற்றர் தள்ளி நிற்கவேண்டும்.

அரங்கேற்றம். மண்டபத்து மேடை வெளிச்சத்தில் ஆடுகிற கை மங்காமல் வர 1/250 ஆவது வேண்டும். எஃப் 5.6 இல் அதற்கு ஐ.எஸ்.ஓ. 12800 அளவுக்குப் போகவேண்டியிருந்தால், எஃப் 1.8 இல் அதே வெளிச்சத்துக்கு 1250 ஐச் சுற்றி நிற்கலாம். உள்ளே வருகிற வெளிச்சம் பத்து மடங்குக்குக் கிட்ட. நடுக்கந்தணிப்பு இங்கே உதவாது, ஆடுகிறது உங்கள் கையல்ல, மகள். கெனன் ஈ.எஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.ரி.எம். ஏறக்குறைய 160 கிராம், மலிவு. மேடையிலிருந்து ஆறு மீற்றர் தூரத்தில் இருந்து கமராவை நிமிர்த்திப் பிடித்தால் 2.7 மீற்றர் உயரம் அடங்கும்: தலைச்சாமான் முதல் சலங்கை வரை, கை உயர்த்தினாலும் வெட்டாது. இருக்கை பத்து மீற்றர் தள்ளி என்றால் 85 மி.மீ. எஃப் 1.8. அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு முன்வரிசை கிடைக்காமலா போகும், 50 ஐயே வாங்குங்கள். பிளாஷ் வேண்டாம், நட்டுவாங்கத்துக்கு இருக்கிறவரின் கண்ணிலும் அது அடிக்கும்.

வாங்குகிற விஷயம். 55-250 என்ற பெயரில் மூன்று லென்ஸ்கள் உள்ளன. 2007 இல் வந்த முதலாவது ஐ.எஸ்., 2011 இல் வந்த ஐ.எஸ். இரண்டு, 2013 இல் வந்த ஐ.எஸ். எஸ்.ரி.எம். முதல் இரண்டிலும் வாய் சுழலும், மோட்டர் கரகரக்கும், கூர்மையும் குறைவு. குழாயின் மேலேயே எஸ்.ரி.எம். என்று பொறித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய பொறி, உள்ளே கண்ணாடி இல்லாத புதிய கமராக்களுக்கான ஆர்.எஃப். வகை. உங்கள் கமராவுக்குள் காட்சியைத் துளைக்குத் திருப்புகிற கண்ணாடி உண்டு, கமராவின் வாயில் சிவப்புப் புள்ளியும் வெள்ளைச் சதுரமும் இருக்கும். ஈ.எஃப் லென்ஸ் சிவப்புப் புள்ளிக்கு, ஈ.எஃப்-எஸ் வெள்ளைச் சதுரத்துக்கு. ஆர்.எஃப்., ஆர்.எஃப்-எஸ், ஈ.எஃப்-எம் என்று எழுதினது எதுவும் 200டி யில் ஏறாது. இடையில் பூட்டுகிற அடப்டர் எதுவும் அதைச் சரிக்கட்டாது. கெனன் 2025 இல் ஆர்.எஃப். வாயோடும் ஒரு 75-300 விட்டிருக்கிறது, எண்கள் அச்சொட்டாக அதே. ஆர்.எஃப்-எஸ் 55-210 என்று இன்னொன்று 270 கிராமில் கவர்ச்சியாய் இருக்கிறது. கனடாக் கடையில் அவசரத்தில் எடுத்தால் இவற்றில் ஒன்றுதான் கைக்கு வரும். மறுபக்கமாகப் போவதில் பிழையில்லை: நாளைக்கு நீங்கள் ஆர் 50 மாதிரிப் புதிய கமராவுக்கு மாறினால், இந்த 55-250 ஐ அடப்டர் பூட்டி அங்கேயும் பாவிக்கலாம்.

கடையில் புதிதாகக் கிடைக்காவிட்டால் பாவித்ததும் நல்லதுதான். புதிய 75-300 க்குக் கேட்கிற காசுக்குள்ளேயே பெரும்பாலும் முடியும். வெளிநாட்டில் வாங்குகிறதின் உத்தரவாதம் இங்கே செல்லாமல் போகலாம், அதனால் மச்சான் விமானம் ஏற இரண்டு கிழமைக்கு முன்னாவது வாங்கி, திருப்பிக் கொடுக்கக்கூடிய நாட்களுக்குள் சோதித்துப் பார்க்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் பாவித்ததை வாங்குகிறதென்றால் உங்கள் கமராவையும் கார்டையும் கொண்டு போங்கள். முதல் பார்வை பங்கசுக்கு. இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து கைத்தொலைபேசி லைற்றை நேரே அல்லாமல் சரிவாக அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். ஓரத்திலிருந்து நூல் நூலாகச் சிலந்தி வலை மாதிரிப் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். சும்மா தந்தாலும் வேண்டாம், துடைத்தாலும் கண்ணாடிப் பூச்சைத் தின்ற அடையாளம் நிற்கும். புகை மாதிரி மங்கல் இருந்தாலும் விடுங்கள். இரண்டொரு தூசிப் பொட்டுக்குப் பயப்படாதீர்கள், படத்தில் தெரியாது. பிறகு 250 இல் வைத்துச் சட்டரை அரைவாசி அழுத்துங்கள்; காட்சி சற்றே துள்ளி அசையாமல் நிற்கவேண்டும், காது கிட்ட வைத்தால் மெல்லிய இரைச்சல் கேட்கும். துள்ளல் நிற்காமல் காட்சி நடுங்கிக்கொண்டே இருந்தால் தணிப்பு பழுது. அடுத்து எஃப் 11 இல் வைத்து 55 இலும் 250 இலும் படம் எடுங்கள். எஃப் 5.6 இல் ஒழுங்காய் எடுத்துவிட்டு எஃப் 11 இல் மட்டும் "எர் 01" என்று காட்டினால், அப்பர்ச்சர் இதழ்களுக்குப் போகிற வயர் அறுந்து வருகிறது என்று சந்தேகியுங்கள். தொடுமுனைகளைத் துடைத்தும் போகாவிட்டால் அந்த லென்ஸ் வேண்டாம். கடைசியாகக் கடையின் எதிர்ச் சுவரில் செங்கல் வரியோ ஒட்டின பத்திரிகைத் தாளோ பார்த்து, 250, எஃப் 5.6 இல் நேர்குத்தாக ஒன்று எடுத்துத் திரையில் பெருப்பியுங்கள். இடது ஓரம் கூர்மை, வலது ஓரம் மங்கல் என்றால் எப்போதோ விழுந்து உள்ளே கண்ணாடி சரிந்திருக்கிறது. வெளியில் ஒரு கீறலும் இராது. இந்த லென்ஸின் பூட்டு வளையம் பிளாஸ்ரிக், அதன் மூன்று காதிலும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

வேறு கமரா வைத்திருந்து இதே கேள்வியைக் கேட்கிறவர்களுக்கும் இரண்டு சொல். நிக்கோன் டி 5600 வைத்திருப்பவர்களுக்கு ஏ.எஃப்-பி டி.எக்ஸ். 70-300 வி.ஆர்., 415 கிராம், நல்ல பொருத்தம். வி.ஆர். (நிக்கோனின் நடுக்கந்தணிப்பு) என்ற எழுத்து இல்லாத இரட்டைப் பிள்ளை ஒன்றும் அதற்கு உண்டு, அதைத் தொடவேண்டாம். டி 3100, டி 3200, டி 5100, டி 7000, டி 90 போன்ற பழைய உடல்களில் ஏ.எஃப்-பி லென்ஸ் போகஸே பண்ணாது, அவர்களுக்கு ஏ.எஃப்-எஸ் 55-200 வி.ஆர். இரண்டு, 300 கிராம். சோனிக்காரர்களுக்கு 55-210 சின்னது, 70-350 உண்மையில் நல்லது ஆனால் 625 கிராம். ஒலிம்பஸ், பனசொனிக் வைத்திருப்பவர்கள் குடுத்து வைத்தவர்கள்: 40-150 ஆர் வெறும் 190 கிராம்.

லென்ஸ் வந்த பிறகு உப்பு. பண்ணையில் சோளகம் அடிக்கிற நாளில் அரை மணித்தியாலம் நின்றாலே முன்கண்ணாடியில் உப்புப் படியும். உடனே சேட்டு நுனியால் துடைக்காதீர்கள். அதில் ஒட்டின மணல் கண்ணாடியைக் கீறும். ரப்பர் ஊதியால் முதலில் ஊதி, பிறகு மைக்ரோபைபர் துணியைத் துளி தண்ணீரில் நனைத்து உப்பைக் கரைத்து, பிறகுதான் உலர்ந்த துணி. கடலோரத்துக்கு மட்டும் நல்ல யூ.வி. கண்ணாடி ஒன்று பூட்டலாம், மற்ற நேரம் கழற்றிவிடுங்கள்; மலிவுக் கண்ணாடி 250 முனையில் படத்தைக் கழுவின சேலை மாதிரி வெளுக்க வைக்கும். ஈ.ரி. 63 என்ற வெயில் மறைப்பு பெட்டியோடு வராது, தனியே வாங்குங்கள், அது கண்ணாடியை இடிபடாமலும் காக்கும். மோட்டார் சைக்கிளின் பின்பெட்டிக்குள் லென்ஸைப் போட்டுக்கொண்டு குண்டும் குழியுமான தீவுப் பக்க றோட்டில் ஓடாதீர்கள். அதிர்வில் உள் திருகாணிகள் இளகும். முதுகுப் பையில் இருந்தால் உங்கள் உடம்பே அதிர்வை வாங்கிவிடும்.

மாரியில் வீட்டுக்குள்ளே ஈரம் ஏறும்போது உடுப்பு அலுமாரியும் தோல் பெட்டியும் பங்கசுக்கு நாற்றங்கால். பத்து லீற்றர் அளவில் இறுக்கமாய் மூடுகிற பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே இருநூறு கிராம் நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மானி. 40 க்கும் 50 க்கும் இடையில் முள் நிற்கட்டும். 60 ஐத் தாண்டினால் ஜெல்லை வறுத்துக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். அரிசி போட்டு வைக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்கவேண்டாம், தவிட்டுத் தூசிதான் மிஞ்சும். லென்ஸைக் கிழமைக்கு ஒருக்கால் வெளியில் எடுத்துப் படம் எடுங்கள், பாவிக்கிற லென்ஸில் பங்கசு லேசில் வராது.

அந்த 2.2 மடங்கு இனாம் கண்ணாடி: முன்னால் திருகுகிற அந்த வகை, நடுவில் மட்டும் ஏதோ தெரிய ஓரமெல்லாம் வானவில் காட்டும். அதன் பாரம் முழுவதும் சின்ன மோட்டர் தள்ளுகிற குழாயின் நுனியில் தொங்கும். லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவில் பூட்டிப் பெருப்பிக்கிற கன்வேர்ட்டரும் உங்களுக்குச் சரிவராது. 1.4 மடங்குக்கே ஒரு படி வெளிச்சம் போய் எஃப் 5.6 என்பது எஃப் 8 ஆகிவிடும், துளை வழியாகப் பார்த்து எடுக்கும்போது 200டி யின் போகஸ் எஃப் 5.6 வரைக்கும்தான் வேலை செய்யும். இனாமை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் கடையிலேயே 58 மி.மீ. போலரைசர் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள்.